மலைக்குளிரில் வேலை முடிந்து வந்து ராத்திரிக்கு என்ன சமைக்கிறீர்கள்?

குன்னூர்மல்லி | குன்னூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரைப் பெண். கணவருக்கு மாற்றல் ஆகி ஆனி மாதம் குன்னூர் வந்தோம். எனக்கும் இங்கேயே வேலை கிடைத்தது. மழைக்காலம் வரை எப்படியோ ஓடியது. கார்த்திகை பிறந்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாடு பெரும்பாடாக இருக்கிறது.

ஆறரைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே நன்றாக இருட்டிவிடுகிறது. குழாயைத் திறந்து அரிசி கழுவினால் விரல் விறைக்கிறது. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. இருவரும் எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்தால்தான் காலையில் பள்ளி வண்டியைப் பிடிக்க முடியும். கணவர் வர ஒன்பதாகிவிடும்.

மதுரையில் ராத்திரி என்றால் இட்லி, தோசை, யோசிக்கவே வேண்டாம். இங்கே மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. சரி, சாம்பார் சாதம் என்று போனால் துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. என்னிடம் இருப்பது ரெண்டு அடுப்பு, ஒரு மிக்ஸி, ஒரு அஞ்சு லிட்டர் குக்கர். ஓவன் கிடையாது.

முக்கால் மணி நேரத்துக்குள் ஆக வேண்டும். சூடாக, குழைவாக, வயிற்றுக்கு இதமாக இருக்க வேண்டும். சின்னவனும் சாப்பிட வேண்டும், ஒன்பது மணிக்கு வருகிறவருக்கும் ருசி கெடக் கூடாது. பாக்கெட் நூடுல்ஸ், கடைப் பரோட்டா இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டில் வாரநாளில் நிஜமாகவே செய்வதைச் சொல்லுங்கள்.

கோபிசரசு | கோபிசெட்டிபாளையம்

மல்லி கண்ணு, எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அரிசிம்பருப்பு என்றுதான் சொல்வார்கள். ஈரோடு, கோவை, திருப்பூர் எங்கே போனாலும் களைத்து வருகிற நாளில் அடுப்பில் ஏறுவது அதுதான். விருந்தாளிக்கு வைக்கிற சாப்பாடு இல்லை, வீட்டு ஆட்களுக்கு மட்டும்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் துவரம்பருப்பு. கழுவி ஊறப்போட்டுவிட்டுக் குக்கரில் கடலெண்ணெய் ஊற்று. கடுகு, சீரகம், கிள்ளிப் போட்ட வரமிளகாய் மூன்று, கறிவேப்பிலை. ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை இரண்டாக அரிந்து போடு. பூண்டு ஏழெட்டுப் பல், முழுசாகவே. வெந்த பிறகு விரலால் அழுத்தினாலே மசிந்துவிடும், பிள்ளைகள் பொறுக்கி வைக்க மாட்டார்கள். வெங்காயம் வதங்கியதும் ஒரு தக்காளி, மஞ்சள்தூள், நுணுக்கின மிளகும் சீரகமும் அரை ஸ்பூன். அரிசி அளந்த அதே டம்ளரால் நாலரை டம்ளர் தண்ணீர், உப்பு. தண்ணீர் கொதி வந்ததும் அரிசியையும் பருப்பையும் போட்டு மூடிவிடு. இங்கே கீழே நாலு விசில். மலைக்கு எத்தனை என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்லட்டும்.

திறந்ததும் கரண்டிக்காம்பால் ஒரு கிளறு கிளறிக் கொத்தமல்லி தூவு. தட்டில் போட்ட பிறகு நெய். எங்கள் வீட்டில் பாதிப் பேர் நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் விட்டுக்கொள்வார்கள். தொட்டுக்கொள்ளத் தயிரும் சுட்ட அப்பளமும் போதும். அதற்கு மேல் பொரியல், கூட்டு என்று இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. ஆறரைக்கு வருகிறவள் அடுப்படியிலேயே எட்டு மணி வரை நிற்பதற்கு அது என்ன கல்யாண வீடா?

ஊட்டிவாத்தியார் | உதகமண்டலம்

//துவரம்பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது//

அம்மா, இது உங்கள் பருப்பின் குற்றமோ குக்கரின் குற்றமோ இல்லை, உயரத்தின் வேலை. நான் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் எங்கள் ஊட்டியில் அதைவிடவும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. தண்ணீர் தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பதை இங்கே மறந்துவிட வேண்டும்.

குக்கரிலும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு தன் பங்குக்கு ஓர் அளவு அழுத்தத்தைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதனால் சமவெளியில் 120 டிகிரியைத் தொடும் அதே குக்கர் குன்னூரில் 116, 117 அளவில் நின்றுவிடும். சரசு அம்மாவின் நாலு விசிலை ஆறாக வைத்துக்கொள்ளுங்கள். விசிலை எண்ணுவதைவிட, முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து 12 நிமிடம் வைப்பது கணக்குத் தப்பாது. அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள். தானாக அடங்கும் அந்தப் பத்து நிமிடத்திலும் உள்ளே பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், தக்காளி. புளிப்பு சேர்ந்தால் பருப்பு மசிவது தாமதமாகும். ஊறாத பருப்பையும் தக்காளியையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்துவிடும், பருப்பு மட்டும் நறுக்கென்று நிற்கும். காலையில் வீட்டைப் பூட்டுவதற்கு முன் பருப்பை மட்டும் தண்ணீரில் போட்டுவிட்டுப் போங்கள். சமவெளியில் பகல் முழுக்க வெளியே ஊறினால் வாடை வந்துவிடும். நம் ஊர் மார்கழிக்குச் சமையல் மேடையே போதும், ஒன்றும் ஆகாது. அரிசியை வந்த பிறகு கால் மணி நேரம் ஊறவைத்தால் சரியாக இருக்கும்.

குன்னூர்மல்லி

வாத்தியார் சார், ஆறு மாதமாகக் குக்கரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நாளைக் காலையிலிருந்தே பருப்பை ஊறப்போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். சரசம்மா, சின்னவனுக்கு வரமிளகாய் காரம் ஆகாதே, என்ன செய்ய?

கோபிசரசு

கிள்ளாமல் முழு மிளகாயாகவே தாளித்துப் போடு, காரம் இறங்காது. மிளகும் அவனுக்கு அந்த அளவு தாங்கும். இல்லையென்றால் துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு போட்டு, மிளகாயே இல்லாமல் செய். பாசிப்பருப்பு ஊறவும் வேண்டாம், மலையிலும் சீக்கிரம் வெந்துவிடும்.

அப்புறம், ஒன்பது மணிக்கு வருகிறவர் பங்கைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றாதே. குக்கரிலேயே விட்டு மூடி, ஒரு பழைய துண்டால் சுற்றி வை. அவர் கை கால் கழுவி வரும்போது கொதிக்கிற வெந்நீர் அரை டம்ளர் ஊற்றிக் கிளறினால், இறுகினது இளகிப் பழைய பதத்துக்கு வந்துவிடும். பச்சைத்தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே. ருசி செத்துப்போகும்.

தாமிரபரணி | பெங்களூரு (சொந்த ஊர் திருநெல்வேலி)

அரிசிம்பருப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் குளிருக்கு என்று கேட்டால் முதல் இடம் எங்கள் ஊர் உளுந்தஞ்சோற்றுக்குத்தான். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பெங்களூரில் மார்கழி, தை இரண்டு மாதமும் வாரம் தவறாமல் ஒரு ராத்திரியாவது எங்கள் வீட்டில் இதுதான், சமைப்பது நான்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோலோடு உடைத்த உளுந்து. வெள்ளை உளுந்தில் இந்த ருசி வராது. முதலில் உளுந்தை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். தொலி கறுப்பாக இருப்பதால் சிவந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். முதலில் ஒரு பச்சை வாசம் வரும், அது போய் ஆளைத் தூக்குகிற வறுத்த வாசம் எழும்பும். அந்த நொடியில் இறக்கிவிடணும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோவை மொத்தமாக வறுத்து டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் வாரநாளில் அந்த வேலையும் இல்லை.

பிறகு குக்கரில் அரிசி, வறுத்த உளுந்து, அரை மூடித் தேங்காய்த் துருவல், பூண்டு பத்துப் பல், சீரகம் ஒரு ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், உப்பு, நாலரை டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு மூட வேண்டியதுதான். தாளிப்பு கிடையாது, வெங்காயம் உரிக்க வேண்டாம். தக்காளி இல்லாததால் வாத்தியார் சொன்ன புளிப்புத் தொல்லையும் இல்லை. குக்கர் அடங்குவதற்குள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இதற்கு ஜோடி எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளைக் கழுவி வடித்து வெடிக்கிற வரை வறுத்து, வறுத்த வரமிளகாய், கொஞ்சம் புளி, பூண்டு, தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, துவையலைத் தொட்டுச் சாப்பிட்டால் காது மடல் வரை சூடு ஏறும். எங்கள் ஊரில் வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள், இடுப்புக்குப் பலம் என்று. அந்த உளுந்துதான் இதிலும்.

மார்கழி, தையில் ஊருக்குப் போனால் சிறுகிழங்கும் வாங்கி வருவேன். சாக்குப் பையில் போட்டுத் தரையில் உருட்டித் தேய்த்துத் தோல் எடுக்கணும். வாரநாளுக்கு அது சரிப்படாது, சனிக்கிழமைச் சமாச்சாரம்.

சென்னைநித்யா | மயிலாப்பூர்

நாங்கள் 21, 22 டிகிரிக்கே போர்வையைத் தேடுகிறவர்கள். இருந்தாலும் மார்கழி மாதம் ராத்திரி எங்களுக்கும் சூடாக வேண்டும்தான். எல்லோரும் பருப்பையே பேசுகிறீர்கள். பருப்பே இல்லாத மிளகு ரசத்தை யாரும் சொல்லவில்லையே?

புளி கரைத்து மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் போட்டுப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிடுங்கள். அந்த நேரத்துக்குள் மிளகு, சீரகம், பூண்டு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளலாம். மிக்ஸியில் மையாக அரைத்தால் ரசம் கலங்கிக் கெட்டியாகிவிடும். இடித்ததைப் போட்டு மேலும் தண்ணீர் விளாவிய பிறகு கொதிக்கவே விடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி அது நடுவுக்கு நகரும்போது இறக்கிவிட வேண்டும். நெய்யில் கடுகு. ஒரு அடுப்பில் சோறு வேகும் நேரத்துக்குள் இன்னொரு அடுப்பில் ரசம் தயார். குழைந்த சோற்றில் ரசத்தை நிறைய விட்டுக் கரைத்து, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் சளி பிடித்த குழந்தைகூட மறுக்காது.

அங்காயப்பொடி ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள் மல்லி. சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம். எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து உப்புச் சேர்த்துப் பொடிப்பது. எதுவுமே முடியாத ராத்திரிக்குச் சுடுசோறு, நெய், இந்தப் பொடி. பெரியவர்களுக்கு அதுவே போதும்.

ஸ்காபரோவாசுகி | டொரோண்டோ

மல்லி தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். இங்கே வெளியில் மைனஸ் 15இல் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காலுறையைக் கழற்றவே அரைமணித்தியாலம் வேணும் போல இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் செய்வது சொதி, தேங்காய்ப்பாலில் வைக்கிற தண்ணிக் குழம்பு. பாணோடும் (ரொட்டி) சாப்பிடலாம், இடியப்பத்தோடும் சாப்பிடலாம், புட்டோடும் சாப்பிடலாம்.

வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை வெந்தயம், மஞ்சள், உப்பு. உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எல்லாவற்றையும் தண்ணிப்பாலில், அதாவது தண்ணியாய்ப் பிழிந்த தேங்காய்ப்பாலில் அவிய விடுங்கள். கிழங்கு அவிந்ததும் முதலில் பிழிந்த கெட்டியான முதற்பாலை விட்டு ஒரு கொதி வரும் முன்னமே இறக்க வேணும். தேசிக்காய்ப்புளியை (எலுமிச்சைச் சாற்றை) அடுப்பில் இருக்கும்போது விடக் கூடாது, பால் திரைந்துபோகும். இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்த பிறகு விட்டு ஒருக்கால் கலக்குங்கள். நான் ஐஸ்பெட்டியில் இருக்கும் துருவின தேங்காயைச் சுடுதண்ணியில் போட்டு அடித்துப் பிழிகிறனான். நேரமில்லாத நாளில் தேங்காய்ப்பால் பவுடரும் சரிதான்.

புட்டு கஷ்டம் என்று பயப்படாதேங்கோ. வறுத்த சிவப்பு அரிசிமாவும் அவித்த கோதுமைமாவும் சரிபாதி, உப்பு, சுடுதண்ணி. விரல் நுனியால் உதிர்த்து, தேங்காய்ப்பூ (துருவல்) கலந்து, நீத்துப்பெட்டியில், அதாவது புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியில், ஆவி வந்த பிறகு பத்து நிமிடம். நீத்துப்பெட்டி இல்லாவிட்டால் இட்லித்தட்டில் துணி விரித்து அவிக்கலாம். மாவு புளிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குப் புட்டும் முட்டைப்பொரியலும் என்றால் போதும்.

பிராம்டன்குமார் | கனடா

வாசுகி அக்கா சொன்னது உண்மை, குளிருக்குச் சொதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் தனியாள். ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் ராஜ்மாவை மசாலாவோடு போட்டு மிதமான சூட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன், சாயங்காலம் வந்தால் தயாராக இருக்கும் அல்லவா?

ஊட்டிவாத்தியார்

தம்பி, தயவு செய்து அப்படியே போட்டுவிடாதீர்கள். ராஜ்மாவில், அதிலும் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்ற வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு கொதிநிலையைத் தொடாது. அரைகுறையாக வெந்த ராஜ்மாவால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முந்தின ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. மல்லி, மலையில் இருப்பவர்கள் ராஜ்மாவைக் குக்கரைத் தவிர வேறெதிலும் வேகவைக்கக் கூடாது.

பிராம்டன்குமார்

நல்லவேளை கேட்டேன். ரொம்ப நன்றி சார்.

கரோல்பாக்சங்கர் | புதுதில்லி

//மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது//

இதற்கு யாரும் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன். தில்லியில் ஜனவரி ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். இங்கே இருக்கும் தமிழ் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு உபாயம் உண்டு.

மாவு புளிக்க 28, 30 டிகிரி சூடு வேண்டும். பலர் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றிவிட்டுக் காலையில் ஏமாந்துபோகிறார்கள். கம்பளி சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டை வெளியே போகாமல் காக்கும், அவ்வளவுதான். ஜில்லென்ற மாவைச் சுற்றி வைத்தால் அது ஜில்லென்றுதான் இருக்கும். முதலில் மாவையே சூடாக்க வேண்டும். உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தே அரையுங்கள். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம். கையால் நன்றாகக் கலக்கிவிடுங்கள். பிறகு ஒரு அகலப் பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். மீன்கடையிலோ மருந்துக்கடையிலோ கேட்டால் பெட்டி கிடைக்கும். படுக்கும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அரைத்தால் ஞாயிறு மத்தியானம் பொங்கியிருக்கும். உப்பைப் புளித்த பிறகு போடுங்கள், குளிரில் அது உதவும்.

ஆனால் என்னைக் கேட்டால் வாரநாளில் தோசை ஆசைக்கு அடைதான் வழி. அதற்குப் புளிப்பே தேவையில்லை. காலையில் இட்லியரிசி ஒரு பங்கு, துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒரு பங்கு, வரமிளகாய் எல்லாம் ஒன்றாக ஊறட்டும். சாயங்காலம் வந்ததும் மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயமோ முருங்கைக்கீரையோ போட்டுத் தடிமனாக வார்க்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய் விட்டால் மொறுமொறுப்பாக வரும். சின்னவனுக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்துக் கொடுங்கள்.

கோபிசரசு

சங்கர் சொன்னது எல்லாம் சரி, உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நான் கல்லுப்பை முதலிலேயே போட்டுத்தான் கலக்குவேன், மார்கழியிலும் பொங்கத்தான் செய்கிறது.

கரோல்பாக்சங்கர்

கோபியின் மார்கழியும் தில்லியின் மார்கழியும் ஒன்றில்லை அம்மா. உங்கள் ஊரில் எதைப் போட்டாலும் பொங்கும். இங்கே 10 டிகிரி வீட்டுக்குள் இருக்கிறபோது உப்பு மாவைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது நன்றாகத் தெரிகிறது. குன்னூர் எங்களுக்குத்தான் நெருக்கம்.

சென்னைநித்யா

வாரக்கடைசியில் மொத்தமாகச் செய்து வைப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? நான் ஞாயிற்றுக்கிழமை மிளகுக் குழம்போ பூண்டுக் குழம்போ நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்ட வைத்துவிடுவேன். நனையாத கரண்டி போட்டு எடுத்தால் ஃபிரிட்ஜில் வாரம் முழுக்க நிற்கும். சோறு மட்டும் வடித்தால் போதும்.

தாமிரபரணி

குழம்பு சரி. ஆனால் சோற்றையும் பருப்பையும் மொத்தமாகச் செய்து, பெட்டி பெட்டியாக உறையவைத்து, தினம் ஒன்றை எடுத்துச் சூடு பண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. இருட்டில், குளிரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பாதி ஆறுதல் அந்தக் குக்கர் ஆவியின் வாசம்தான். வாசலிலேயே பூண்டும் சீரகமும் மணந்தால் பிள்ளைகள் தானாக அடுப்படிக்கு வருவார்கள். வறுப்பது, இடிப்பது, உரிப்பது, இந்த வேலைகளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். வேகவைப்பது அந்தந்த ராத்திரியே நடக்கட்டும்.

ஸ்காபரோவாசுகி

தம்பி சொல்வது நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் இரண்டு வேலை பார்க்கிற ஆட்களுக்கு அது எல்லா நாளும் சரிவராது. இங்கே எத்தனையோ பேர் பின்னேர வேலை முடிந்து பத்து மணிக்கு வருகினம். அவைக்கு ஐஸ்பெட்டியில் இருக்கும் இடியப்பமும் சொதியும்தான் கை கொடுக்கிறது. சூடாக்கிச் சாப்பிட்டாலும் அது வீட்டுச் சாப்பாடுதானே. உறையவைத்த சொதியை மெல்லிய நெருப்பில் கிண்டிக் கிண்டிச் சூடாக்க வேணும், இல்லாவிட்டால் பால் பிரியும். புளியை அன்றன்றைக்கு விட்டுக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி

நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. பத்து மணிக்கு வருகிறவர்களிடம் குக்கர் வைக்கச் சொல்வது நியாயமில்லை.

குன்னூர்மல்லி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் ஊறப்போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. பால் காய்ச்சும்போதே பருப்புக் கிண்ணத்தையும் எடுத்து வைத்துவிடுகிறேன். அரிசிம்பருப்பு முதல் தடவையே குழைந்து வந்தது. முதல் விசிலுக்குப் பிறகு 12 நிமிடம், வாத்தியார் சார் சொன்னபடியே. இவர் ஒன்பது மணிக்கு வந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

உளுந்தஞ்சோறு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சின்னவன் துவையலைத் தொடவில்லை, நெய்யும் கொஞ்சம் வெல்லமும் வைத்துச் சாப்பிட்டான். பெரியவள்தான் துவையலை விரலால் வழித்துத் தின்றாள். அடுப்படியில் நிற்கிற நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. கை விறைப்பதற்கும் ஒரு வழி செய்தேன், காலையில் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டு வந்து, அதைக் கலந்து அரிசி கழுவுகிறேன்.

இப்போது இங்கே சந்தையில் பச்சை அவரையும் உருளைக்கிழங்கும் மலிவாகக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா இரண்டையும் சேர்த்துக் குழம்பு வைத்து ராகிக் களியோடு கொடுத்தார்கள். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் சரசம்மா, கொள்ளு ரசம் எப்படி வைப்பது? இவருக்குச் சளி பிடித்திருக்கிறது.

கோபிசரசு

கொள்ளு மற்ற பருப்பு மாதிரி இல்லை கண்ணு, கல்லாக இருக்கும். பகல் ஊறல் பத்தாது, முந்தின ராத்திரியே போட்டுவிடு. ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பார்த்துக் கழுவி, மறுநாள் சாயங்காலம் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வை. கீழே எட்டு விசில். உனக்கு முதல் விசிலுக்கு அப்புறம் அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்.

வெந்த தண்ணீரை வடித்துத் தனியாக எடு, அதுதான் ரசத்துக்கு. அதில் புளித்தண்ணீர் கொஞ்சம், தக்காளி ஒன்று, இடித்த மிளகு, சீரகம், பூண்டு. வெந்த கொள்ளில் ஒரு கரண்டி எடுத்து மசித்து விட்டால் ரசம் கனமாக வரும். நுரை கட்டியதும் இறக்கு, நித்யா சொன்ன மாதிரி. மீதிக் கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம் வதக்கிச் சேர்த்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்தால் அதே சோற்றுக்குத் துவையல். ஒரு குக்கரில் ரெண்டு வேலையும் ஆச்சு. சின்னவனுக்கு ராத்திரியில் துவையலை நிறையக் கொடுக்காதே, வயிறு உப்பும். ரசம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும்.

சென்னைநித்யா

தாமிரபரணி சார், எள்ளுத் துவையல் மீந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

தாமிரபரணி

தேங்காய் போட்டு அரைத்ததைச் சென்னையில் வெளியே வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். கட்டிக் கொடுப்பதற்கென்றால் தேங்காய் இல்லாமல், எள், வரமிளகாய், உப்பு, கொஞ்சம் பெருங்காயம் மட்டும் வறுத்துப் பொடியாகவே இடித்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயில் சோற்றைப் பிசைந்து இந்தப் பொடியைத் தூவினால் மத்தியானம் வரை ஒன்றும் ஆகாது. எள்ளைக் கழுவிய பிறகு ஈரம் போக உலர்த்திவிட்டு வறுங்கள். வெடிக்கத் தொடங்கியதும் உடனே தட்டில் கொட்டிவிடணும், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசக்கும்.